தொண்ணூற்றாறுக்கு அடுத்த பக்கம்

சுண்டு குளித்துவிட்டு வர எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அவள் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தில் மீதி என்ன இருக்கிறதென்று பார்த்துவிட வேண்டும். சமையலறையில் நின்றபடியே பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால். ஒரு கண் பாலில், ஒரு கண் புத்தகத்தில். காலையிலிருந்தே எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் சந்தேகம். அட்டையில் ஒரு படகு, படகில் ஓர் அம்மா, ஒரு சின்னப் பெண். அம்மா கழுத்துவரை போர்வை போர்த்தியிருந்தாள். வெயில் அடிக்கிற ஆற்றில் எந்த அம்மா போர்வை போர்த்திக்கொண்டு போவாள்?

தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் அந்த அம்மா செத்துப்போனாள். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

சுண்டு என் அக்காவின் மகள். ஒன்பது வயது. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாள் என்று அக்கா வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிற பெரிய மனிதர்களையெல்லாம் அதட்டி அதட்டி ரோட்டில் இறக்கிவிடுவாள். அவள் ஆஸ்பத்திரியில் படுத்து அன்றைக்கு இருபத்திரண்டு நாள். வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டால் பத்தே நாளில் வீடு என்றார்கள். பத்து நாள்தானே, குழந்தையை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்று, அம்மா வேலை விஷயமாக வெளியூருக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தோம். அக்காவும் சரி என்றாள். வயிற்றைத் திறந்த டாக்டர் ஒன்றையும் எடுக்காமல் தைத்து மூடிவிட்டார். எல்லா இடத்துக்கும் போய்விட்டது, இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார். மாதக்கணக்கா என்று மாமா, அக்காவின் வீட்டுக்காரர், கேட்டார். டாக்டர் வாரக்கணக்கு என்றார்.

அந்தப் பொய்யை நாங்கள் இறக்கிவைக்கவே இல்லை. மாமா லிஃப்ட் மெக்கானிக். அவர் பாட்டுக்கு மாடி மேல் மாடியாக ஏற்றிக்கொண்டே போனார். பயிற்சியை நீட்டித்துவிட்டார்கள். அம்மாதான் முதலிடம், அதனால் இன்னொரு பயிற்சிக்கும் எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்குக் குரல் தேய்ந்து ஃபோனில் பேச முடியாமல் போனதும், பயிற்சியில் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றார். நான் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். என் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கேயே வந்து தங்கி, காலையில் சுண்டுவைப் பள்ளிக்கு அனுப்பி, நூலகத்துக்கு ஓடி, மதியம் ஆஸ்பத்திரிக்கு ஓடி, மறுபடி நூலகம், மறுபடி வீடு. ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு செத்த அம்மா வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வேண்டாமா? முயல் கதை எழுதினால் என்ன, யானை கதை எழுதினால் என்ன? உலகத்தில் அழுகைக்கா பஞ்சம்?

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டால் சுண்டு விடமாட்டாள். ஏன் என்று கேட்பாள். ஏன் என்பதற்குப் பதில் சொன்னால் அதற்கு ஏன் என்பாள். அதனால் என் தொழில் புத்தியைக் காட்டினேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளிடம் புத்தகத்தின் முதுகைத் திறந்து காட்டி, தையல் விட்டுப்போச்சு பார், இப்படியே படித்தால் பக்கம் பக்கமாகக் கையோடு வந்துவிடும், இரண்டே நாளில் தைத்துத் தருகிறேன் என்றேன். தையல் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. பாதி உண்மை.

"எழுபதாம் பக்கத்துல இருக்கேன் சித்தி. அடையாளம் வெச்சுக்கோ. தொலைச்சிராத."

பதினான்கு வருடமாக நூலகத்தின் கீழ்த்தளத்தில் கிழிந்த புத்தகங்களைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறை. ஒரு நீளமான மேஜை, இரண்டு இரும்பு பிரஸ், பசை வாளி, நூல்கண்டுகள். மேல்மாடியில் குழந்தைகள் மென்று துப்பியது, நாய் கடித்தது, மழையில் நனைந்தது எல்லாம் ஒரு தள்ளுவண்டியில் இறங்கி வரும். ஆளாக்கி அனுப்புவேன். தைத்த ஒவ்வொரு புத்தகத்திலும் பின்னட்டைக்குள் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். தைத்த தேதி, "பக்கங்கள் சரிபார்க்கப்பட்டன" என்று ஒரு வரி, கீழே என் கையெழுத்து.

புத்தகம் என்பது தனித்தனித் தாள் இல்லை. பெரிய தாளை மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்கி, அப்படி மடித்த கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துத் தைப்பார்கள். அந்தக் கட்டுக்குப் பெயர் ஃபாரம். அதில் ஒரு தாளை மட்டும் கிழித்தால், மடிப்பின் அந்தப் பக்கம் இருக்கிற ஜோடித் தாள் பிடிப்பில்லாமல் தொங்கும். அரைகுறை வேலை. என் கையால் அப்படிச் செய்ய மாட்டேன். அதனால் நூலை அறுத்து, ஏழாவது ஃபாரத்தை முழுசாக உருவினேன். தொண்ணூற்றேழிலிருந்து நூற்றுப் பன்னிரண்டுவரை. தொண்ணூற்றாறில் ஓர் அத்தியாயம் முடிகிறது, அம்மா காய்ச்சலோடு படகில் படுத்திருக்கிறாள். நூற்றுப் பதின்மூன்றில் புது அத்தியாயம், அந்தப் பெண் தனியாகத் துடுப்புப் போடுகிறாள். அளந்து வெட்டினாற்போல அமைந்துவிட்டது. எனக்கு அற்பத்தனமான ஒரு சந்தோஷம்கூட வந்தது. செத்துப்போகிற பக்கத்தைத்தான் நான் படித்திருந்தேன். மீதி பதினான்கு பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்க்கப் பொறுமை இல்லை, பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

மற்ற ஃபாரங்களைச் சேர்த்துத் தைத்து, முதுகில் பசை தடவி, பிரஸ்ஸில் இறுக்கினேன். உருவினதைக் குப்பையில் போட மனம் வரவில்லை, மேஜை இழுப்பறையில் தள்ளினேன். சீட்டு ஒட்டினேன். பக்கங்கள் சரிபார்க்கப்பட்டன. கையெழுத்தும் போட்டேன், கை கூசவில்லை.

சுண்டு அதை ஒரே மாலையில் படித்து முடித்தாள். சோஃபாவில் குப்புறப் படுத்து, காலை ஆட்டிக்கொண்டே படித்தாள். ஒரு கட்டத்தில் ஆட்டம் நின்றது. பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பினாள். நான் துணி மடிப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன், அச்சடிக்கும்போதே விட்டுப்போயிருக்கும் என்று. அவள் கேட்கவில்லை. கடைசிவரை படித்து மூடி வைத்துவிட்டு, பல் தேய்க்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் எதையும் கேட்பதில்லை. அதுவரை காலையில் கண் திறந்ததும் முதல் வார்த்தை அம்மா எப்போது வருவாள் என்பதுதான். அது நின்றது. பள்ளியில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை. தட்டைத் தானே கழுவினாள். தலையைத் தானே பின்னிக்கொள்ளப் பார்த்து, கோணல் வகிடோடு பள்ளிக்குப் போனாள். செருப்பு அலமாரியில் அக்காவின் செருப்புகளை வரிசையாக எடுத்து வைத்துத் துடைத்ததை ஒருநாள் பார்த்தேன். என்னைக் கண்டதும் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மாமா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். குழந்தை பழகிவிட்டது என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்றால், நினைத்துக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் அக்கா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டிருந்தாள். முகம் மஞ்சள். கண் மட்டும் பழைய கண். ஒருநாள் மதியம், சுண்டு தன்னைப் பற்றிக் கேட்கிறாளா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை அக்கா, ரொம்ப சமர்த்தாக இருக்கிறாள் என்று சொன்னேன். அவளுக்கு ஆறுதலாக இருக்குமென்று சொன்னேன், சத்தியமாக. அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூட்டிவா என்று அவள் சொல்லவும் இல்லை, கூட்டிவரட்டுமா என்று நான் கேட்கவும் இல்லை. இந்தக் கோலத்தில் பார்த்தால் குழந்தை தாங்காது என்பது மாமாவின் கட்டளை.

முப்பத்து நான்காவது நாள் பள்ளிக்கு அரை நாள் விடுமுறை. சுண்டுவை நூலகத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். பள்ளி வண்டி வாசலிலேயே இறக்கிவிடும். கீழே என் அறைக்கு ஃபோன் வந்தது. மேலே குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண். எல்லாக் குழந்தைகளுக்கும் அவள் ஸ்டிக்கர் அக்கா, நல்ல பிள்ளைகளுக்குக் கையில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதால். சின்ன வயதுதான், ஆனால் புத்தகம் என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க மாட்டாள். சுண்டு அந்தப் படகுப் புத்தகத்துக்கு இன்னொரு பிரதி கேட்கிறாள், பக்கம் விட்டுப்போகாத பிரதி வேண்டுமாம், இருப்பதே இந்த ஒன்றுதான், இதிலோ பதினாறு பக்கத்தைக் காணோம், உங்கள் சீட்டில் சரிபார்த்ததாக இருக்கிறது, என்ன அக்கா இது என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் தப்பு யார்மேல் என்பதே மறந்துபோயிற்று. அவள்மேல் பாய்ந்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட புத்தகத்தைத் தூக்கிக் கொடுக்கலாமா, அதிலும் அவள் வீட்டு நிலைமை தெரியுமா உனக்கு, கொஞ்சம் யோசித்துக் கொடுக்க மாட்டாயா என்று மூச்சு விடாமல் பொரிந்தேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நான் குடுக்கலக்கா. அவளே வந்து கேட்டா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத கதை ஏதாவது இருக்கான்னு."

ஃபோனை வைத்துவிட்டேனா, அவள் வைத்தாளா என்று நினைவில்லை. அறைக்குள் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். பசை வாளியை மூடினேன், திறந்தேன். எங்களுக்குத்தான் நாங்கள் சொன்ன பொய். அவளுக்கு அது என்றைக்கோ தெரிந்திருக்கிறது. படியில் அவளுடைய ஷூ சத்தம் கேட்டது.

சுண்டு உள்ளே வந்து புத்தகத்தை மேஜைமேல் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைக் கழற்றாமலே நின்றாள். அந்தப் பக்கங்களை நான்தான் எடுத்தேன் என்றேன். அது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வேறு எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். பக்கம் இல்லாததைப் பார்த்து நீ என்ன நினைத்தாய் என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணோட அம்மா படுத்திருந்தாங்க. அடுத்த பக்கத்துல இல்ல. எங்க போனாங்கன்னு யாருமே கேக்கல. அந்தப் பொண்ணுகூட கேக்கல. அப்படின்னா அவதான் என்னமோ பண்ணியிருக்கா. அதனாலதான் புக்குலயே சொல்ல மாட்டேங்கறாங்க."

"அவ என்னடா கண்ணு பண்ணியிருப்பா?"

"நான் அம்மாவ போன்னு சொன்னேன் சித்தி. நிஜமா சொன்னேன். ஸ்கூல்ல டிராமா அன்னைக்கு அம்மா லேட்டா வந்தாங்க. நான் எங்கயாவது போ, திரும்பி வராதன்னு சொன்னேன். அடுத்த நாள் போயிட்டாங்க."

அந்த நாடகத்தன்று அக்கா ஏன் தாமதமாகப் போனாள் என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதமாக இந்தப் பிள்ளை இதைத் தூக்கிச் சுமந்துகொண்டு தட்டுக் கழுவியிருக்கிறது, செருப்புத் துடைத்திருக்கிறது. நாங்கள் விட்ட இடத்தை அவளே நிரப்பிக்கொண்டிருக்கிறாள். எந்த எழுத்தாளரும் ஒரு குழந்தைக்கு இவ்வளவு கொடூரமாக எழுத மாட்டார். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இழுப்பறையைத் திறந்து ஃபாரத்தை எடுத்துக் கொடுத்தேன். சேர்ந்து படிக்கலாமா என்றாள். ஒரு ஸ்டூலில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் சத்தமாகப் படித்தேன். தொண்ணூற்றெட்டாம் பக்கத்தில் அந்த அம்மா செத்துப்போனபோது என் குரல் உடைந்தது, சுண்டு கலங்கவில்லை. அவள் விரல் வரிகளுக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தது. நான் படிக்காமல் உருவிப் போட்ட பதினான்கு பக்கத்தில் இவ்வளவு இருந்தது: அந்தப் பெண் அம்மாமேல் கோபப்பட்டுப் படகை உதைக்கிறாள். ஆற்றங்கரைக்காரர்கள் ஆளுக்கு ஆள் வந்து அவளோடு உட்கார்கிறார்கள், சிலர் உளறுகிறார்கள், ஒருவர் ஒன்றும் பேசாமல் படகில் ஓட்டை அடைத்துக் கொடுக்கிறார். அம்மாவுக்கு என்ன நோய், எதனால் வந்தது என்று ஊர் நர்ஸ் அவளுக்கு விளக்கிச் சொல்கிறாள். நூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஒரு குண்டு மனிதரின் தொப்பி ஆற்றில் விழுகிறது. அதைப் பிடிக்கப்போய் அவரும் விழுகிறார். அந்தப் பெண் சிரித்துவிடுகிறாள். சிரித்ததற்காக வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள். பொத்த முடியாமல் மறுபடி சிரிக்கிறாள்.

சுண்டுவும் சிரித்தாள். பத்து நாள் கழித்து அந்தச் சத்தம். அழுகையை எடுக்கிறேன் என்று அதையும் சேர்த்தல்லவா எடுத்து இழுப்பறையில் பூட்டிவைத்திருந்தேன்.

படித்து முடித்ததும் ஃபாரத்தை மடிப்பு கசங்காமல் மேஜையில் வைத்தாள். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

"சித்தி, நம்ம அம்மா இப்ப எந்தப் பக்கத்துல இருக்காங்க?"

"தொண்ணூத்தாறு," என்றேன்.

சத்தமில்லாமல் அழுதாள். நானும்தான். தேற்றலாமென்று பார்த்தால் என் கையெல்லாம் பசை. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படியென்றால் இப்போதே போகலாம் என்றாள்.

மாமாவுக்கு ஃபோன் போட்டேன். எங்கேயோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. விஷயத்தைச் சொன்னதும் கத்தினார். உன்னை யார் சொல்லச் சொன்னது, என் பிள்ளைக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியாதா, அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், வழக்கமாக அப்படித்தான். அன்றைக்குக் கத்தத் தோன்றவில்லை. போகிறோம் மாமா, நீங்களும் வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

டாக்ஸியில் இருபது நிமிடம். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு. டிரைவர் சாவகாசமாக ரேடியோ ஸ்டேஷன் மாற்றிக்கொண்டு வந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். காலையில் நர்ஸ் சொன்னது வேறு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது, இப்போதெல்லாம் பாதி நேரம் தூக்கம்தான், கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று. எழுந்திருக்காமலே போய்விட்டால்? இந்தப் பிள்ளை 'போ' என்ற அந்த ஒரு வார்த்தையை அறுபது வயதுவரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். நான் கால் கட்டைவிரலால் டாக்ஸியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மாமா எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். தரைத்தளத்து லிஃப்ட் வாசலில், கிரீஸ் படிந்த யூனிஃபார்மோடு, வழியை மறித்து நின்றார். லிஃப்ட் வந்தது, திறந்தது, மூடியது. ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள்.

"தாங்க மாட்டா," என்றார் என்னிடம். "பாத்தா தாங்க மாட்டா."

சுண்டு அவருடைய கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். தினமும் உங்கள் கையில் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை வருகிறது அப்பா, எங்கள் பள்ளியில் ஒருத்தி கால் உடைந்து படுத்திருந்தபோது நாங்கள் பார்க்கப் போனோம், அங்கேயும் இதே சோப்புதான், எனக்கு முதல் வாரத்திலிருந்தே தெரியும் என்றாள். மாமா என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த லிஃப்டில் மூன்று பேரும் ஏறினோம். நான்கு மாடி ஏறும்வரை மாமா பட்டன்கள் இருக்கிற பலகைப் பக்கம் திரும்பி நின்று, ஏதோ பழுது பார்ப்பவரைப்போல அதையே தடவிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. தாங்க மாட்டாதவர் யாரென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். சுண்டு ஓடிப்போய் விழவில்லை. கட்டிலுக்கு ஓர் அடி தள்ளி நின்று, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு ஒவ்வொரு குழாயையும் அது தொடங்குகிற இடத்திலிருந்து முடிகிற இடம்வரை கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். நான் அக்காவின் தோளைத் தொட்டேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை தொட்டேன். மாமா போதும் என்பதுபோலக் கையைக் காட்டினார். சுண்டு குனிந்து, அம்மா, நான் வந்திருக்கேன் என்று சாதாரணமாக, பள்ளிவிட்டு வந்தவள்போலச் சொன்னாள்.

அக்கா கண் திறந்தாள். திறந்து, பார்த்து, மறுபடி மூடி, மறுபடி திறந்தாள். கனவில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அப்புறம் என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் எங்கேடீ போய்த் தொலைந்தீர்கள் என்பது இருந்தது.

சுண்டுவின் கேள்விகள் ஆரம்பித்தன. இது எதற்கு, வலிக்கு. அது, சிறுநீருக்கு. முகம் ஏன் மஞ்சள், உள்ளே ஓர் உறுப்பு வேலை செய்யவில்லை. காரில் கிளட்ச் எது பிரேக் எது என்று சொல்லிக்கொடுக்கிற அதே தோரணையில், ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கி வாங்கிப் பதில் சொன்னாள் அக்கா. சரியாகிவிடுமா என்று சுண்டு கேட்டாள். அக்கா இல்லை என்று தலையசைத்தாள். மாமா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சுண்டு கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் போன்னு சொன்னதாலயாம்மா?"

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. எந்த 'போ' என்று அவள் தேடுவது முகத்தில் தெரிந்தது. தினமும் பத்து 'போ' வாங்குகிற அம்மா. நாடகத்தன்றைக்கு என்று சுண்டு எடுத்துக்கொடுத்தாள். அக்காவின் முகம் அப்படியே கசங்கிப்போயிற்று. என்னையும் மாமாவையும் ஒரு பார்வை பார்த்தாள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு கையை நகர்த்தி சுண்டுவின் கோணல் வகிட்டில் வைத்தாள்.

"ஏன்டி, நீ சொல்லி நான் என்னைக்குக் கேட்டிருக்கேன்?"

சுண்டு யோசித்தாள். நிஜமாகவே, ஒவ்வொரு நாளாக யோசித்துப் பார்த்தாள். நாய்க்குட்டி கேட்டது, வாங்கித்தரவில்லை. சிவப்பு சைக்கிள் கேட்டது, நீலம்தான் வந்தது. எதிர்வீட்டு மாமாவுக்குக் கார் சொல்லிக்கொடுக்காதே, அவர் என் கன்னத்தைக் கிள்ளுகிறார் என்றது, அவருக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரு தடவைகூட இல்ல," என்றாள்.

"அப்புறம்?" என்றாள் அக்கா.

சுண்டுவுக்கு அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது, குழந்தை அழுகிற அழுகை, வார்டே திரும்பிப் பார்க்கிற அழுகை. ஷூவோடு கட்டிலில் ஏறினாள். நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள், மாமா கையைக் கூப்பியதைப் பார்த்து அப்படியே போய்விட்டாள்.

அக்கா அதன்பிறகு ஆறு நாள் இருந்தாள். சுண்டு பள்ளிக்குப் போகவில்லை. காலையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்தாள். என்னென்ன பேசினார்கள் என்று எனக்கு முழுக்கத் தெரியாது, பாதி நேரம் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தலை பின்னக் கற்றுக்கொடுத்தாள், ஒரு நாள் முழுக்க அதுவே நடந்தது. ஐந்தாம் நாள் பேச்சு நின்றுபோனது. சுண்டு மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

மொத்தம் நாற்பது நாள். அதில் முப்பத்து நான்கை நாங்கள் எடுத்து வைத்துக்கொண்டு ஆறை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம். சுண்டு கணக்கில் கெட்டிக்காரி. இன்னும் என்னிடம் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பாள், அம்மா அவ்வளவு நாள் அங்கேயே இருந்தபோது ஏன் என்னைக் கூட்டிப்போகவில்லை என்று. உனக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டோம் கண்ணு, பயம் எங்களுக்குத்தான் என்று சொல்வேன். வேறு என்ன சொல்ல இருக்கிறது.